உரைகல்லில் உரசிய டாங்கி

எங்கள் வீட்டில் யாரும் ஒரு பட்டுப்புடவையை அழகு என்று சொன்னதில்லை. "கனம் இருக்குது" என்போம், இல்லாவிட்டால் "சத்து இல்ல" என்போம். அத்தாவின், அதாவது என் அப்பாவின், தொழில் அப்படி. காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை எடுக்கிறவர் அவர். மடிப்பில் விட்டுப்போனது, எலி கடித்தது, மாமியார் கொடுத்ததால் கட்டப் பிடிக்காதது, எல்லாம் வரும். கரையையும் முந்தியையும் தனியே வெட்டி, பட்டை எரித்து, மிஞ்சும் ஜரிகையை உருக்கி வெள்ளி எடுப்பார். ஊர் நெய்வதில் பேர் வாங்கியது. நாங்கள் எரிப்பதில் வாங்கினோம்.

அத்தாவின் பேர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் அதைப் பற்றியதுதான். புடவையின் முந்தியிலிருந்து ஜரிகை இழை ஒன்றை உருவுவார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கறுப்பு உரைகல்லில் அதைத் தேய்ப்பார். கோட்டைப் பார்ப்பார். இழையின் நுனியைத் தீக்குச்சியில் காட்டி முகர்வார். பிறகு அசல், பாதி, டூப் என்ற மூன்றில் ஒரு சொல்லைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை. அக்கா தங்கைகள் அம்மாவின் புடவைகளைப் பங்கு பிரிக்கும்போது வருவார்கள். சம்பந்தி வீட்டார் எடுத்த முகூர்த்தப்புடவை மேல் சந்தேகம் வந்தால், அதை ஒரு பையில் மறைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். ஜரிகையைச் சோதிக்க ஊரில் இயந்திரம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. இயந்திரம் சதவீதம்தான் சொல்லும், அத்தா தீர்ப்புச் சொல்வார். எங்கள் குடும்பத்துக்குச் சொத்து என்று எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு சொல்லைத்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் வாடகை.

அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு கொள்கை இருந்தது: பழசில்தான் சத்து. ஜரிகையைப் பொறுத்தவரை இது கண்கூடு. அந்தக் காலத்துப் புடவையில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இருக்கும், அதன் மேல் தங்கப் பூச்சு இருக்கும். அடுத்த தலைமுறையில் வெள்ளி இளைத்தது. என் வயதுப் பெண்கள் கட்டுகிற பலவற்றில் செம்பும் பாலியஸ்டரும் கடைக்காரரின் நல்லெண்ணமும் இருக்கின்றன. ஆனால் அத்தா இந்தக் கொள்கையை ஜரிகையோடு நிறுத்தவில்லை. மின்விசிறி, மருத்துவர், அரிசி, தையல் மிஷின் எல்லாம் பழசாக இருக்க வேண்டும். என்னை உலோகவியல் டிப்ளமோவில் சேர்க்கப் போன அன்றும், பாடத்திட்டம் பழசா புதுசா என்று முதல்வரைக் கேட்டார். முதல்வர் தயங்கிவிட்டு, ரொம்பப் பழசு என்றார். அத்தா உடனே சேர்த்துவிட்டார்.

இந்தக் கொள்கை இரும்புக்குள் நுழைந்தது என் மாமா வழியாக. மாமா, அம்மாவின் தம்பி, வாலாஜாபாத்தில் காயலான் கடை வைத்திருக்கிறார். மூடின ரைஸ்மில்லின் உருளை முதல் முறிந்த சைக்கிள் வரை அவர் கடையில் உண்டு. புடவை வரத்து குறைந்து, வருவதிலும் செம்பு மிகுந்துகொண்டிருந்த சமயம். ராணுவத்தில் கழித்துப்போட்ட வண்டிகளைப் பழைய இரும்பாக ஏலம் விடுகிறார்கள், சும்மா கூட வாருங்கள் என்று மாமா அழைத்தார். அத்தா சும்மாதான் போனார். உரைகல் சட்டைப்பையில் இருந்தது.

ஏலத்தில் நடந்ததை மாமா இதுவரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் ஆள் கூடுகிறது என்பதைத் தவிர, கதை மாறவில்லை. பெரிய மைதானம். சக்கரம் இல்லாத லாரிகள், முகப்பு விளக்கு பிடுங்கிய ஜீப்புகள், தண்ணீர் டிரெய்லர்கள், சிவப்புக் குறி மங்கிய ஒரு ஆம்புலன்ஸ். காயலான் கடைக்காரன் ஒரு வண்டியைப் பார்ப்பதற்கு வரிசை ஒன்று உண்டாம். முதலில் செம்பு, அதாவது ரேடியேட்டர், டைனமோ, ஒயர். அடுத்து கியர்பெட்டியின் அலுமினியம். அப்புறம் டயர். அப்புறம் அரிவாள் அடிக்கிறவர்கள் தேடி வரும் பட்டை வில். கடைசியில்தான் உடம்பு. மாமா இதை அத்தாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அத்தா முழுவதையும் கேட்டுக்கொண்டு, அங்கிருந்த காவலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதுல எது ரொம்பப் பழசு?

காவலாளி தூரத்துப் புளியமரத்தைக் காட்டினார். அதன் அடியில், சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டை ஓடும் கனத்த வண்டி ஒன்று, தலைக்கு மேல் புளியம்பழம் உதிர நின்றிருந்தது. எப்போது நிறுத்தினார்கள் என்று அவருக்கே தெரியாது. தான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் நின்றது என்றார். அத்தாவின் முகம் மலர்ந்தது.

மாமா இந்த இடத்தில் தேநீர் டம்ளரைக் கீழே வைப்பார். "ஏலத்துக்கு வந்தவன் அத்தினி பேரும் பாத்துக்கினு இருக்கான். உங்க அத்தா கல்ல எடுத்து டாங்கி மேல தேய்க்கிறாரு. தேய்ச்சிட்டு, கல்ல திருப்பி வெயில்ல புடிச்சி, அசல்ன்றாரு. நான் வேற யாரு கூடவோ வந்தா மாதிரி அந்தாண்ட திரும்பிக்கினேன்."

அந்த வண்டியின் முறை வந்தது. அத்தா விலை சொன்னார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. காஞ்சிபுரத்தில் அத்தா சொல்லி முடித்த பிறகு யாரும் வாய் திறப்பதில்லை என்பதால், இந்த மௌனத்தையும் அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். ஏலத்தில் மௌனத்துக்கு வேறு பொருள் உண்டு என்பதை மாமா எடுத்துச் சொல்வதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது.

செவிலிமேட்டில் நாங்கள் புடவை எரிக்கக் குத்தகைக்கு எடுத்திருந்த காலிமனைக்கு அது காலையில் பெரிய டிரெய்லரில் வந்தது. திருப்பத்தில் டிரெய்லர் மாட்டிக்கொள்ள, பின்னால் டவுன் பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து யோசனை சொன்னார்கள். மதியத்துக்குள் ஊர் முடிவு செய்திருந்தவை: போர் வரப்போகிறது, படம் எடுக்கிறார்கள், கவுன்சிலர் ரவுண்டானாவில் வைக்கப்போகிறார், பாய் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை ராணுவம். கடைசி விஷயத்தை எனக்கே மூன்று பேர் தெரிவித்தார்கள்.

அது டாங்கியே இல்லை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். சுழலும் கூண்டு இல்லை, பீரங்கி இல்லை. உள்ளே சிப்பாய்கள் உட்கார்ந்து போகிற கவச வண்டி, அவ்வளவுதான். படம் வரைந்தும் காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா, டாங்கி எப்ப வெடிக்கும்?" என்றார்கள். குடியிருப்போர் நலச்சங்கம், பீரங்கியின் வாய் தங்கள் தெருவைப் பார்க்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. இல்லாத பீரங்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அத்தா என்னிடம் ஆலோசனை கேட்டார்.

பின்கதவைத் திறந்தபோது உள்ளே இடுப்பளவு மண். அதில் ஒரு புளியங்கன்று செழிப்பாக வளர்ந்திருந்தது. கஞ்சி ஏற்றிய புடவையைக் கையில் தூக்கிய மாத்திரத்தில் எடையைக் கழித்துச் சொல்லும் மனிதர், மண் ஏற்றிய இரும்பை வாங்கியிருந்தார். மாமா கன்றைப் பிடுங்கி அத்தாவின் கையில் கொடுத்தார். அத்தா அதை வேலியோரம் நட்டார்.

வெட்டுவதற்கு மாமா திருப்புட்குழியிலிருந்து ஒரு கேஸ் கட்டரை அழைத்து வந்தார். அவர் சர்ச் முடித்து வெள்ளைச் சட்டையோடு வந்தார், சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டினார், வண்டியைச் சுற்றிப் பார்த்தார், மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டார். மாமா அவரைச் சமாதானம் செய்து மறுநாள் வரவழைத்தார். தகடு என் இரண்டு விரல் அகலத் தடிப்பு. காரும் டிரம்மும் வெட்டுகிற சுவாலை அதில் பட்டதும் யோசித்துக்கொண்டு நின்றது. முதல் ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்ந்தபோது ஒரு முந்தி அளவு தகடு கீழே விழுந்திருந்தது. இன்னொரு சிலிண்டர் வந்தது, கரை அளவு இன்னொன்று விழுந்தது. இரும்பு கொடுப்பதை கேஸ் தின்றுகொண்டிருந்தது. கட்டருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை, சிலிண்டர் வந்துகொண்டிருந்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை வெட்டித் தருவதாகச் சொன்னார்.

மாமா வேலையை நிறுத்தினார். அத்தா நிறுத்தவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று கல் சொல்லியிருக்கிறது, கல் இதுவரை பொய் சொன்னதில்லை. மறுநாள் என் டிபன் டப்பாவில், எலுமிச்சைச் சோற்றுக்கு மேல், ஜரிகை மடிக்கும் தாளில் சுற்றிய இரும்புச் சில்லு ஒன்று இருந்தது.

ஒரகடம் பக்கம் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வரும் உலோகத்தைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். துப்பாக்கி போன்ற ஒரு கருவி. மேலே வைத்து அழுத்தினால் எதில் என்ன, எவ்வளவு என்று திரையில் வரும். என் மேலாளரிடம் அனுமதி கேட்டேன். வாட்ஸப்பில் எங்கள் டாங்கியை அவர் ஏற்கனவே பார்த்திருந்ததால், அனுமதித்ததோடு நிற்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். திரையில் இரும்பு வந்தது. கீழே நிக்கல் கொஞ்சம், குரோமியம் கொஞ்சம், மாலிப்டினம் தொட்டுக்கொள்ள.

நிக்கலும் குரோமியமும் வெள்ளி போல வெளுத்த உலோகங்கள் என்று மாலையில் அத்தாவிடம் சொன்னேன். அவர் சட்டைப்பையைத் தட்டினார்.

"பாத்தியா? வெள்ளையா ரெண்டு இருக்குது. கல்லு சொல்லிச்சி."

"இருக்குது அத்தா. ஆனா எடுக்க முடியாது."

"எரிச்சா?"

"வராது."

"உருக்கினா?"

"உருக்கினாலும் ஒண்ணாத்தான் இருக்கும். டீல போட்ட சக்கர மாதிரி. வாங்கறவங்க இரும்பு வெலதான் போடுவாங்க. சில பேரு இது வேணாம்னே சொல்லுவாங்க, அவங்க வார்ப்ப கெடுத்துடும்னு."

சத்து இருந்தும் விலை இல்லாத பொருளை அவர் தொழிலில் கண்டதில்லை. "இதுக்கு உங்க படிப்புல இன்னாமா பேரு?" என்றார். கலப்பு உலோகம் என்றேன். "கலப்புன்னா எங்க தொழில்ல திருப்பிக் குடுத்துடுவோம்" என்றார்.

திருப்பிக் கொடுக்க இடமில்லை. வண்டி நின்றது. ஒரு பக்கச் சுவரில் முந்தி அளவுக்கு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிச் சுவாலை விட்டுப்போன பல் பல்லான விளிம்பு. அம்மா அதன் தலையில் கூழ்வடகம் காயவைத்தார். அவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற தட்டு வேறெதுவும் அமையவில்லை என்பது அவர் கருத்து. இதுவரை அந்த வண்டியால் யாருக்காவது உபயோகம் உண்டு என்றால் அது வடகத்துக்குத்தான்.

நஷ்டத்தை அத்தா தாங்கியிருப்பார். ஊரின் கணக்கு வேறாக இருந்தது. இரும்பில் தப்பாகச் சொன்னவர் ஜரிகையில் எப்படிச் சரியாகச் சொல்லியிருப்பார்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஒரு பட்டுக்கடை முதலாளி. முன்பு ஒருமுறை அவர் கடைப் புடவையை அத்தா பாதி என்று சொல்லி, அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி வந்திருந்தது. அன்று அவர் பேசவில்லை, ஊரே அத்தா பக்கம் இருந்தது. இப்போது தன் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சாந்தமாகச் சொல்லத் தொடங்கினார்: "அவரு டாங்கியயே அசல்னு சொன்னவரு இல்ல?"

அவ்வளவு போதுமாக இருந்தது. எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும், அத்தா சொல்லி முடித்ததும் தலையாட்டிவிட்டு, புடவையை மடித்து, இயந்திரம் இருக்கும் தெருவுக்கு நடந்தார்கள். டீக்கடையில் அவருக்கு டாங்கி பாய் என்று பேர் வந்தது. பஸ்ஸில் செவிலிமேட்டுக்காரர்கள் "டாங்கிகிட்ட ஒரு டிக்கெட்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெடிக்கும் என்று பயந்த நலச்சங்கத்தார் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் 'டாங்கி அருகில்' என்று வழி அச்சிட்டார்கள். அத்தா எதையும் மறுக்கவில்லை. ஆனால் உரைகல் சட்டைப்பையிலிருந்து மேசை இழுப்பறைக்குப் போயிருந்தது. அதை நான்தான் கவனித்தேன்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அதே பட்டுக்கடை முதலாளி வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வந்தார். இப்போது கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் படங்கள்தான் வியாபாரம், கோயில் கோபுரம், வயல், படகு எல்லாம் எடுத்துச் சலித்துவிட்டது, தன் கடை விளம்பரத்துக்கு டாங்கி வேண்டும் என்றார். 'இரும்பு மாதிரி உழைக்கும் பட்டு' என்று வாசகமும் தயாராக இருந்தது. தன் வாயால் ஊரைச் சிரிக்கவைத்த பொருளையே வாடகைக்குக் கேட்டு வந்து நிற்பதில் அவருக்குச் சங்கடம் எதுவும் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை. ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, வடகம் காய்ந்ததும் வரலாம் என்றார்.

வந்தார்கள். முன்னால் முதலாளி, பின்னால் குடை விளக்குகள், பறக்கும் கேமரா, வாடகைக்கு ராணுவச் சட்டை போட்ட மாப்பிள்ளை வேடக்காரர், அரக்குச் சிவப்புப் பட்டில் மணப்பெண் வேடத்தில் ஒரு பெண். நலச்சங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அத்தா வேலியோரம் புளியங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கச் சொன்னார் படக்காரர். முந்தியை வெளியே தொங்கவிட்டு, காற்றில் பறப்பதுபோல் இழுக்கச் சொன்னார். இழுத்தார்கள். வெட்டிய விளிம்பு ஜரிகையைப் பிடித்துக்கொண்டது. இன்னும் இழுத்தார்கள். முந்தி வழுக்கி வெளியே வந்தது.

விளிம்பின் ஓரத்தில், கறுத்த இரும்பின் மேல், ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு நிறக் கோடு.

விரல் வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். வெள்ளி இருந்தால் கோடு வெளுத்திருக்கும், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். முந்தியில் உரிந்த இடத்தில் தெரிந்தது வெறும் பழுப்பு பாலியஸ்டர். அந்தப் புடவை முதலாளியின் கடையிலிருந்து அசல் என்று சீட்டுக் குத்தி வந்தது, சீட்டு இன்னும் மணப்பெண்ணின் இடுப்பில் குத்தியிருந்தது. நலச்சங்கத் தலைவரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தார். போன மாதம் அவர் மகளுக்கு அதே கடையில்தான் எடுத்தார்கள்.

எல்லாரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். நான் எதிர்பார்த்தது எனக்கே தெளிவாகத் தெரிந்தது: அந்த மூன்றில் ஒரு சொல். சொன்னால் எல்லாம் திரும்பி வந்துவிடும், எதிரில் நிற்கிறவரின் கடையும் அன்றோடு போய்விடும். முதலாளி வாடிய குரலில், "பாய், நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார் என்பதும் தெரிந்தது.

அத்தா குடத்தைக் கீழே வைத்தார். வந்து கோட்டைப் பார்த்தார், நிதானமாக, வழக்கமாகப் பார்ப்பதுபோலவே.

"நான் டாங்கியயே அசல்னு சொன்னவன்பா," என்றார். "என்னப் போய் எதுக்குக் கேக்கறீங்க? கோடு இருக்குது, பாத்துக்கோங்க."

போய் மீதித் தண்ணீரை ஊற்றினார்.

முதலாளி அந்த வாரம் பல புடவைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார், கடையை மூடவில்லை. விளம்பரம் வெளிவரவில்லை. உரைகல் சட்டைப்பைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அத்தா இப்போது சொல் சொல்வதில்லை. இழையைத் தேய்த்துக் கல்லை வந்தவரின் கையிலேயே கொடுக்கிறார், நீங்களே பாருங்கள் என்கிறார். அவர்கள் பார்த்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டு, அத்தா சொன்னதாக ஊரில் சொல்கிறார்கள்.

அதிலும் பாதிப்பேர் கல்லைத் தேடி வருவதில்லை. பையோடு நேராக மனைக்குப் போய், புடவை முனையை அந்த விளிம்பில் தாங்களே தேய்த்துப் பார்க்கிறார்கள். வெளுத்த கோடும் செம்புக் கோடுமாக அந்த ஓரம் நிறைந்துவிட்டது. வெட்டிய விளிம்பில் துருவும் கசடும் இருக்கும், அது சோதனைக்குத் தகுந்த பரப்பு இல்லை, நல்ல ஜரிகையும் கெட்டுப்போகும் என்று நான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்குகிறேன். கவனமாகக் கேட்டுவிட்டுத் தேய்க்கிறார்கள்.

இரும்பு விலை ஏறியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு மாமா போன வாரம் வந்தார். புது கேஸ் ஒன்று வந்திருக்கிறது, இந்த முறை வெட்டினால் கட்டுப்படியாகும் என்றார். அத்தா வண்டியைப் பார்த்தார். ஓட்டைக்கு முன்னால் புடவைப் பையோடு இரண்டு பெண்கள் தங்கள் முறைக்காக நின்றிருந்தார்கள், மேலே வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"அது வேல செஞ்சிக்கினு இருக்குது மச்சான்," என்றார். "இப்ப வெட்டக் கூடாது."